கோத்தகிரியில் 4 அறை காட்டேஜ்: ஃபைல் பக்காவா இருக்கு, பாதுகாப்பு?

தேயிலைமேட்டான்:

கோத்தகிரி பக்கம் 4 அறை உள்ள காட்டேஜ் ஒன்றை ஏப்ரல் சீசனுக்குள் திறக்க வேண்டும். பதிவு, வரி ரசீது, தீயணைப்பான் பில் எல்லாம் ஃபைலில் இருக்கு. ஆனால் ஃபைலுக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

கட்டடத்தில் இருப்பது இதுதான். நாலு குளியலறைக்குள்ளும் தலா ஒரு கேஸ் கீசர். முற்றத்தில் கரி அடுப்பு. ஹாலில் பழைய காலத்துக் கணப்பு, மேலே சிம்னி வாயைப் பிளைவுட் அடித்து மூடியிருக்கு. வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர். கரண்ட் சிங்கிள் பேஸ். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஆட்களைக் கூட்டிவர வாடகை டெம்போ டிராவலர்.

கேள்வி இரண்டு. ஒன்று, கையில் இருக்கிற பணத்தில் எதை முதலில் சரி செய்வது? "தீயணைப்பான் மாட்டுங்க, போர்டு வைங்க" என்ற அளவில் இல்லாமல், எந்தச் சாமான், எத்தனை, எங்கே என்று சொன்னால் நல்லது.

இரண்டாவது கொஞ்சம் பெரிசு. "நம்ம நாடு இன்னும் அந்த அளவுக்கு வளரலைங்க, வளர்ந்தப்புறம் இதெல்லாம் தானா வரும்" என்று வேலை செய்ய வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். வளர்ந்தால் பாதுகாப்பு வருமா, பாதுகாப்பு வராததால்தான் வளரவில்லையா?

குளிர்விட்டுப்போச்சு:

முதலில் அந்தத் தீயணைப்பானின் மீட்டரில் முள் பச்சையில் நிற்கிறதா பாருங்க. பில் புதுசாக இருக்கும், சிலிண்டர் காலியாக இருக்கும். மலையில் பாதி லாட்ஜில் அதைக் கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

நீலச்சுடர்:

வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த நாலு கேஸ் கீசரையும் குளியலறைக்கு வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் செய்யலாம், இது இன்றைக்கு.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் முழுச் சுடரில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 900 கிராம் கேஸ் குடிக்கும். அந்தக் கேஸ் ஒழுங்காக எரியச் சமவெளியிலேயே சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் குளியலறை 5க்கு 7 அடி, உயரம் 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தமே 8 கன மீட்டர். 20 நிமிடம் ஒருவர் குளித்தால் அறைக் காற்றில் பாதியைக் கீசர் தின்றுவிடும். இதற்கு மேல் மலை. ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி அதைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. இந்த உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் நீலமாக எரியும் அதே பர்னர் இங்கே நுனி மஞ்சளாக எரிகிறது என்றால் காரணம் இதுதான். மஞ்சள் நுனி என்றால் கேஸ் முழுசாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று அர்த்தம்.

இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. சிலிண்டர் கேஸில் கசிவு தெரியட்டும் என்று நாற்றம் கலந்திருப்பார்கள். அது எரிந்து முடிந்த புகையில் அந்த நாற்றமும் இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி என்று தொடங்கும். வந்தவர் "மலை ஏறி வந்த களைப்பு" என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் நிற்பார்.

பல மாடல்களில் 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமர் உண்டு. அதை நம்பாதீர்கள். குடும்பம் என்றால் ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்; டைமர் புதிதாகத் தொடங்கும், காற்று புதிதாகாது. கடைசியாகக் குளிப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

மாற்றும் விதம்: வெளிச்சுவரில், மழை படாத சன்ஷேடுக்குக் கீழே கீசர். ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் நேர் கீழே வைத்தால் புகை திரும்ப உள்ளேயே போகும், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். உள்ளே சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் போகட்டும். வெளியில் ஓடும் குழாய்க்கு ஃபோம் உறை போடாவிட்டால் தண்ணீர் ஆறி வரும், அப்புறம் விருந்தாளி "சூடு பத்தலை" என்பார், வேலைக்காரப் பையன் சுடரைக் கூட்டுவான். உறை போட மறக்காதீர்கள்.

அடுத்தது சிலிண்டர். வணிக இடத்துக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர்தான், 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சட்டப்படி கூடாது. தரை மட்டத்துக்கு மேலே, திறந்த இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் பள்ளம் தேடிப் போகும். பக்கத்தில் சாக்கடை வாயோ நிலவறைப் படியோ இருக்கக் கூடாது. ரப்பர் ஹோஸில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த வருஷமும் அச்சிட்டிருக்கும். 5 வருஷம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். கசிவைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வழக்கம் இன்னும் சில கைகளில் இருக்கிறது.

மலைக்கே உரிய ஒரு தப்பு சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் கேஸ் வரத்து குறையும். சிலிண்டரில் இருப்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும். உடனே சிலிண்டரைப் படுக்க வைப்பது, சுடுதண்ணீர் ஊற்றுவது, சில இடங்களில் பக்கத்தில் கரிச்சட்டி வைப்பது என்று ஆரம்பிப்பார்கள். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்து கீசரில் சுடர் பாயும். சரியான வழி இரண்டு சிலிண்டரை ஒரே லைனில் இணைப்பது. ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்கிற அளவு பாதியாகும், குளிர்வதும் குறையும்.

தேயிலைமேட்டான்:

நன்றிங்க. குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. அதைக் கீசரோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி இணைத்தால் வெளியே மாற்றாமல் சமாளிக்க முடியாதா?

நீலச்சுடர்:

கூடாது. கதவுக்குக் கீழே காற்று வர வழி இல்லாத அறையில் ஃபேன் காற்றை வெளியே இழுத்தால், அந்த வெற்றிடத்தை நிரப்பக் கீசரின் புகைக் குழாய் வழியாகவே காற்று உள்ளே வரும். வெளியே போக வேண்டிய புகையை ஃபேனே அறைக்குள் இழுத்துப் போடும். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிப் போர்டு மாட்டலாம் என்றால், வெளியே 8 டிகிரி குளிரில் ஈரத் தலையோடு நிற்கிறவர் ஜன்னலைத் திறப்பாரா?

கரி அடுப்புக்கும் இதே கதைதான். வெளியே சுட்டுத் தின்றுவிட்டு, மிச்சக் கங்கை இரும்புச் சட்டியோடு அறைக்குள் கொண்டு போய்க் குளிர் காய்வார்கள். புகை இல்லை, அதனால் ஆபத்து இல்லை என்ற நினைப்பு. சாம்பல் மூடிய கங்குதான் இந்த வாயுவை விடிய விடிய விடும். கொடைக்கானலில் இப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. அடுப்பைத் தரையோடு சிமெண்ட் வைத்துக் கட்டிவிடுங்கள், தூக்க முடியாத சாமான் அறைக்குள் போகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், இரவு 10 மணிக்கு ஆள் வந்து கங்கை அணைப்பது என்று வையுங்கள்.

அறைக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். கடையில் கேட்டால் "கேஸ் டிடெக்டர்" என்று எல்.பி.ஜி. கசிவுக் கருவியைத் தருவார்கள், அது வேறு. எல்.பி.ஜி. கருவி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலக்கும் வாயு என்பதால் அதன் அலாரம் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் போதும். குளியலறைக்குள் மாட்டாதீர்கள், ஆவி பட்டுக் கெடும். நல்ல கருவி 300 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) அளவில் 3 நிமிடத்துக்குள் கத்தும், 50 அளவில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பின்பக்கம் காலாவதி வருஷம் இருக்கும்.

யாராவது மயங்கிவிட்டால் முதலில் கதவைத் திறந்து ஆளைத் திறந்த வெளிக்கு இழுங்கள், அப்புறம் 108. மருத்துவமனையில் "கீசர் ஓடிய குளியலறை" அல்லது "கரி இருந்த அறை" என்று வாயால் சொல்லியே ஆக வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒட்டியது என்றே எண்ணி 98 காட்டும். அதைப் பார்த்து "நார்மல்" என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது. தேவை முகமூடியில் முழு ஆக்சிஜன்.

மூணு பேஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா மலையில எல்லாரும் ஏன் கேஸ் கீசருக்கு ஓடறாங்கன்னு யாரும் கேக்கறதில்லை. கரண்ட் சர்வீஸ் சரியில்லாததாலதான்.

15 லிட்டர் கீசர், 2 கிலோவாட். 12 டிகிரி தண்ணிய 55 டிகிரிக்கு ஏத்த முக்கால் யூனிட் வேணும். 230 வோல்ட் வந்தா 22, 23 நிமிஷம். சாயங்காலம் எல்லா லாட்ஜும் போட்டு லைன்ல 180 வோல்ட்தான் வருதுன்னு வைங்க. வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு கொறஞ்சா பவரும் ஐந்தில் ஒரு பங்குதான் கொறையும்னு நினைப்பீங்க, இல்லை. வோல்டேஜோட வர்க்கத்துக்குத் தக்க மாதிரி கொறையும். 2 கிலோவாட் 1.2 ஆயிரும், 37 நிமிஷம் ஆகும். அந்த 15 லிட்டரையும் பச்சத் தண்ணி கலந்து 40 டிகிரிக்குக் கொண்டாந்தா 23 லிட்டர், ஒன்றரை வாளி. ரெண்டாவது ஆளுக்குத் தண்ணி இல்லை. அவர் ரிசப்ஷனுக்குப் போன் போடுவார், ஓனர் அடுத்த வாரமே கேஸ் கீசர் வாங்கிக் குளியலறைக்குள்ள மாட்டுவார். வோல்டேஜ் கொறைஞ்சதுக்கு விலை இப்படி உசுரா வந்து நிக்குது.

செய்ய வேண்டியது: 4 கீசர் ஒண்ணா ஓடினா 8 கிலோவாட், 35 ஆம்ப். சிங்கிள் பேஸ்ல இது நடக்காது. லோடு ஏத்தி மூணு பேஸ் வாங்குங்க. அனுமதிச்ச லோடுக்கு மேல எடுத்துட்டு வோல்டேஜ் இல்லைன்னு புகார் கொடுத்தா அங்க பதில் வராது. 15க்குப் பதிலா 25 லிட்டர் கீசர், ஐ.எஸ்.ஐ. பார்த்து. ஒவ்வொண்ணுக்கும் தனி 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், தனி எம்.சி.பி. (லோடு ஏறினா தானா விழுற சுவிட்ச்), 16 ஆம்ப் சாக்கெட். பிரஷர் ரிலீஃப் வால்வு சொட்டுதுன்னு பிளம்பர் பிளக் போட்டு அடைச்சுடுவார். அதை அடைச்சா தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிற அன்னிக்கு டாங்க் வெடிக்கும்.

அப்புறம் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா தானா லைனை வெட்டுற சுவிட்ச். மெயின்ல ஒண்ணே ஒண்ணு போட்டா மழைக்காலத்துல தோட்ட விளக்குல ஈரம் பட்டு மொத்த வீடும் இருட்டாகும். மூணு தடவை அப்படி ஆனா யாராவது அதை பைபாஸ் பண்ணிருவாங்க. அதனால அறைகளுக்கு ஒண்ணு, வெளி லைட்டுக்கு ஒண்ணுன்னு பிரிங்க. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டன் அமுக்குங்க, விழலைன்னா மாத்துங்க.

எர்த் விஷயத்துல மலை ஏமாத்தும். ஐப்பசி மழையில அளந்தா நல்லா காட்டும். மாசி, பங்குனியில மண்ணு காஞ்சு பாறை மேல உக்காந்திருக்கிற கம்பி சும்மா நிக்கும். அளக்கறதுன்னா அப்ப அளங்க, 5 ஓமுக்குள்ள இருக்கணும். பாறைன்னா ஆழமாத் தோண்ட முடியாது, ரெண்டு மூணு குழி தள்ளித் தள்ளிப் போட்டு காப்பர் பட்டையில இணைங்க.

பர்லியார் வளைவு:

டெம்போ டிராவலருக்கு வருகிறேன். விருந்தாளி உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே உங்கள் பொறுப்பு தொடங்கிவிடுகிறது.

ஆள், சாமானோடு வண்டி 3.5 டன் என்று வைப்போம். கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறக்கம் ஏறத்தாழ 1,450 மீட்டர். அந்த உயரத்தின் ஆற்றல் முழுக்க எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 14 யூனிட். மூணு பேஸ் சொன்ன 2 கிலோவாட் கீசரை 7 மணி நேரம் ஓட்டுகிற சூடு ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். என்ஜினுக்குக் கொடுத்தால் ரேடியேட்டரும் சைலன்சரும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் நாலு சக்கரத்து பிரேக் மட்டும்தான் வாங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர் மிச்சம் பிடிப்பது சில ரூபாய். சாவியையே அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், பெடல் கல் மாதிரி ஆகும்.

ஏறும்போது எந்த கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய விதி, இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விடாமல் எல் அல்லது 2.

யாரும் பார்க்காத சாமான் பிரேக் ஆயில். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பது அந்த ஆயிலின் தரம். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் 140க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலை மூடுபனியில் வருஷம் முழுக்க நிற்கும் வண்டியில் ஈரம் சீக்கிரம் ஏறும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. செய்தியில் "பிரேக் பிடிக்காமல்" என்று வருவதில் இதுவும் உண்டு. ஏதோ திடீரென்று உடைந்துவிட்ட மாதிரி படிக்கிறோம். அரை மணி நேரமாகக் காய்ந்துகொண்டிருந்ததுதான் அது. 2 வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க வெளியேற்றி மாற்ற வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது.

பேட், லைனிங் வாங்கும்போது டப்பா ஒரிஜினல் மாதிரி இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. பில் கேளுங்கள். பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.

காட்டேஜ்காரர் கான்ட்ராக்டில் எழுத வேண்டியது: பிரேக் ஆயில் மாற்றிய தேதி, டயரின் தயாரிப்பு வாரம், டிரைவர் அதற்கு முந்தின 8 மணி நேரம் ஓட்டவில்லை என்ற உறுதி, சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டை. இரவு முழுக்க பெங்களூரில் இருந்து ஓட்டிவந்த டிரைவரைக் காலை 5 மணிக்கு வளைவில் விடுவதுதான் நம் ஊர் "பேக்கேஜ்".

கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்துங்கள், கியரில் போட்டுக் கட்டை வையுங்கள், அரை மணி நேரம் ஆறட்டும். காய்ந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். பெடலே போய்விட்டால் கியரைக் குறைத்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்து, பள்ளத்துப் பக்கத்தை விட்டு விலகி மலைப் பக்கம் உரச வேண்டும்.

விருந்தாளிகளுக்கு அனுப்பும் வழிக் குறிப்பில் ஒன்று சேருங்கள். மசினகுடி போகிறவர்களுக்கு போன் மேப் கல்லட்டி வழியைக் காட்டும், 36 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியில் இருந்து அந்த வழியாக வெளியூர் வண்டி இறங்கத் தடை. கூடலூர் வழி சுற்றுதான், ஆனாலும் அதில்தான் போக வேண்டும்.

வெட்டிவேர்:

3 மீட்டர் சுவர் என்றதால் சொல்கிறேன். உலர்ந்த மண் அந்தச் சுவரை நீளவாக்கில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 2.7 டன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் நிறைந்தால் அதே சுவருக்கு 6 டன்னுக்குப் பக்கம். சுவர் கனமாக இருக்கிறதா என்பதைவிடத் தண்ணீர் வெளியே வருகிறதா என்பதுதான் முக்கியம்.

துளைகள் (வீப் ஹோல்) 75 முதல் 100 மி.மீ. விட்டத்தில், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சரிந்து இருக்க வேண்டும். துளைக்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி இல்லாவிட்டால் இரண்டே மழையில் மண் அடைத்துக்கொள்ளும். இருக்கிற சுவரில் ஒரு இரும்புக் கம்பியை விட்டுப் பாருங்கள். அரை அடியில் முட்டினால் அது அலங்காரத் துளை. மழையில் தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கல் வந்தால் பின்னால் இருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீரே வரவில்லை என்றால் இன்னும் மோசம்.

சுவருக்கு மேலே யாருடைய செப்டிக் டாங்க், யாருடைய உறிஞ்சுகுழி இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். மேல் வீட்டில் 6 அறை கூட்டிக் கட்டினால் அவர்கள் கழிவுநீர் வருஷம் முழுக்க உங்கள் சுவருக்குப் பின்னால் இறங்கும். மழை வருவதற்கு முன்பே மண் பாதி நனைந்திருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் கண்டம், அதனால் புரட்டாசிக்குள் மேல் வடிகாலைத் தூர்வாரி முடியுங்கள்.

விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. பூசி மறைத்தால் நகர்வதும் தெரியாது. சரிவைச் செதுக்க ஜே.சி.பி. கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கலெக்டர் அனுமதி இல்லாமல் முடியாது. இரவோடு இரவாகச் செதுக்கிய சரிவுகள்தான் மழையில் முதலில் வருகின்றன.

வத்தலகுண்டுவாசி:

இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

"வளர்ந்தப்புறம் வரும்" என்பதற்கு எங்கள் பக்கம் ஒரு பாடம் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்துக் கொடைக்கானலில் வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளியிலிருந்து வந்தன, செய்த சாமான் வெளியே போனது. ஊருக்கு மிஞ்சியது கூலியும் உடைந்த கண்ணாடியும். அந்தப் பாதரசக் கண்ணாடி 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது, அந்த வருஷமே ஆலை மூடியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது 2016இல், மூடி 15 வருஷம் கழித்து. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதுமா என்ற வழக்காடல் அதற்குப் பின்னும் நீண்டது. ஆலை ஓடிய காலம் பதினேழு, பதினெட்டு வருஷம்தான். வளர்ச்சி என்று வந்ததைப் பிறகு மண்ணில் இருந்து எடுக்க வேண்டி வந்தது.

நம்மால் முடியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி போகும் மலை ரயிலையே பாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு. என்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும், இணைப்பு அறுந்தாலும் பெட்டி பின்னோக்கி ஓடாது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்குக்கென்று ஒரு ஆள், கையில் கொடி. தண்டவாளத்துக்கு நடுவில் என்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறப் பற்சட்டம். மண் விழுந்தால் டிக்கெட் வாங்கியவர்கள் என்ன திட்டினாலும் ரயில் ரத்து. 1899இல் குன்னூர் வரை வந்த ரயில், இன்றும் அதே ஒழுங்கில்தான் ஏறுகிறது. கண்ணாடித் தடுப்பு போட்ட ரிசார்ட்காரருக்கு இது பழைய சாமான் மாதிரி தெரியலாம்.

பழனி ரோப் காரும் அப்படியே. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பல நாள் நிறுத்துகிறார்கள். முன்கூட்டியே அறிவிப்பு வரும், முடிந்ததும் எடை வைத்துச் சோதனை ஓட்டம். பக்தர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறுகிறார்கள். நிறுத்துகிற நாளைச் சேவையின் ஒரு பகுதியாக எண்ணுகிற பழக்கம் அங்கே இருக்கிறது. நம் காட்டேஜ்களில் சீசன் முழுக்க ஒரு அறையையும் ஒரு நாளும் மூட மாட்டோம்.

இன்னொன்று. 2024 மே 7 முதல் நீலகிரி, கொடைக்கானல் இரண்டு மலைக்கும் இ-பாஸ், அடுத்த வருஷம் சீசனுக்கு நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வியாபாரிகள் கடையடைத்தார்கள், அவர்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வருகிறவர் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு வந்த பிறகு கூட்டத்தை நம்பி இனிப் பிழைக்க முடியாது. வந்தவர் மறுபடி வர வேண்டும். சுடுதண்ணீர் வராத, பேச்சு மட்டும் இனிப்பான இடத்துக்கு அவர் வரமாட்டார்.

குளிர்விட்டுப்போச்சு:

எல்லாம் சரி. வர்றவனும் கொஞ்சம் மாறணும்ல? "ஒரு நைட்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று கரிச்சட்டியை உள்ளே தூக்கிப் போவது அவன்தான்.

நீலச்சுடர்:

அவருக்குக் குளிர்கிறது, அதனால் தூக்குகிறார். ஆளுக்கு இரண்டு கம்பளி, படுக்கைக்குச் சூட்டுப் பை, அறைக்கு ஒரு ஆயில் ஹீட்டர் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் தூக்க மாட்டார்கள். மிச்சம் ஒருவருக்குத்தான் அடுப்பைத் தரையோடு கட்டச் சொன்னேன்.

தேயிலைமேட்டான்:

வரிசை இப்படி வைத்திருக்கிறேன். இந்த வாரம் 4 கேஸ் கீசரும் வெளியே, அலாரம் 4. அடுத்து ஆர்.சி.சி.பி. 2, எர்த் அளவு பங்குனியில். மூணு பேஸுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், வந்ததும் கேஸ் கீசரையே எடுத்துவிட்டு 25 லிட்டர் கரண்ட் கீசர். சுவரில் கம்பி விட்டுப் பார்த்தேன், 11 துளையில் 7 முட்டுகிறது. வண்டிக்காரருக்கு நாலு கேள்வி அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று விட்டுப் போனது. ஹாலில் அந்தக் கணப்பு. பிளைவுட்டை எடுத்துவிட்டு விறகு போட்டால் விருந்தாளிகளுக்குப் பிடிக்கும் என்கிறார்கள்.

நீலச்சுடர்:

எடுத்ததும் கொளுத்தாதீர்கள். கூரை மேல் ஏறிச் சிம்னிக்குள் டார்ச் அடியுங்கள், பறவைக் கூடு, உதிர்ந்த செங்கல் எதுவும் இல்லாமல் கீழே வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு ஒரே ஒரு செய்தித்தாளைச் சுருட்டி அடுப்பில் எரியுங்கள். புகை முழுக்க மேலே போனால் சின்ன விறகு. முகப்பில் சுருண்டு ஹாலுக்குள் வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். பல பங்களாக்களில் இரண்டு அறைக் கணப்புகள் ஒரே சிம்னியில் சேரும். அப்படியானால் பக்கத்துப் படுக்கை அறையில் சுவருக்குள் மூடிய வாய் ஒன்று இருக்கும். பெயின்ட் அடித்திருப்பார்கள், தட்டினால் டொக்கென்று கேட்கும். அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசாமல் ஹாலில் நெருப்பு மூட்டக் கூடாது. பிளைவுட் போதாது.